பிளேட்டு போச்சு தம்பி!

தமிழ்நாட்டுல எந்த ஊர் டூவீலர் பட்டறைக்கு வேணும்னாலும் போங்க. கிளட்ச் சம்பந்தமா எதைச் சொன்னாலும் ஒரே பதில்தான் வரும். நியூட்ரல் விழலையா, பிளேட்டு போச்சு. கியர் போடும்போது 'டங்'னு சத்தம் வருதா, பிளேட்டு போச்சு. கிளட்ச்சைப் பிடிச்சிருக்கும்போதே வண்டி நகருதா, பிளேட்டு போச்சு. ஏத்தத்துல இழுக்கலையா, சந்தேகமே இல்ல, பிளேட்டு போச்சு. அடுத்த நாள் சாயங்காலம் பில்லு ரெடி. வியாதி ஒண்ணுதான், மருந்தும் ஒண்ணுதான், சம்பளம் கட்டுறது மட்டும் நாம.

இந்த நாலு புகார்ல மூணு ஒரு ஜாதி, நாலாவது அதுக்கு நேர் எதிர் ஜாதி. இது மெக்கானிக்குக்குத் தெரியும். நமக்குத்தான் தெரியாது. எனக்கு இது தெரிய வர்றதுக்கு 2,650 ரூபாய் செலவாச்சு. முகூர்த்த நாள்ல பந்தி பரிமாறப் போனா எனக்கு ஐந்நூறு ரூபாய் கிடைக்கும். அப்ப கணக்குப் போட்டுக்கங்க: அஞ்சு கல்யாணம், ஒரு வளைகாப்பு. பி.காம் படிக்கிறவன் இஞ்சினைப் பத்திப் பேசுறானேன்னு சிரிக்கிறவங்க சிரிச்சுக்கலாம். காசு என்னோடது, அதனால பேசுறேன்.

கதை இதுதான். பழைய நூறு சிசி வண்டி ஒண்ணு. கம்பெனி பேர் வேண்டாம், தப்பு கம்பெனி மேல இல்ல. வண்டிய பழைய வண்டி விக்கிற ஒரு ஸ்டாண்டுல பார்த்தேன். காலைல ஒன்பது மணிக்கு வரச் சொன்னாங்க. போனப்ப வண்டி ஏற்கனவே ஸ்டார்ட் பண்ணி நிறுத்தியிருந்துச்சு. "உங்களுக்காகத்தான் தம்பி சூடு பண்ணி வெச்சேன்"னார் அந்த அண்ணன். என்ன ஒரு உபசாரம்னு நினைச்சேன். இப்பதான் புரியுது, சூடான இஞ்சின்ல ஆயில் இளகியிருக்கும், காலைல குளிர்ல காட்டுற பல வியாதி அப்ப தலைகாட்டாது. பழைய வண்டி பார்க்கப் போறவங்க முதல்ல இஞ்சின் பக்கத்துல கைய வெச்சுப் பாருங்க (சைலன்சர்ல இல்ல சாமி!). சூடா இருந்தா, "டீ சாப்பிட்டு வர்றேன்ணே, வண்டி ஆறட்டும்"னு சொல்லுங்க. அந்த அண்ணன் முகம் என்ன ஆகுதுன்னு பாருங்க, பாதி நோய் அதுலயே தெரிஞ்சிடும்.

வாங்கின மறுநாள் காலைல முதல் கியர் போட்டேன். வண்டி ஒரு குதி குதிச்சு ஆஃப் ஆச்சு. கிளட்ச் முழுசாப் பிடிச்சிருக்கேன், ஆனாலும். சிக்னல்ல நின்னா நியூட்ரல் வரவே வராது. ஒண்ணுக்கும் ரெண்டுக்கும் நடுவுல காலால தட்டித் தட்டி, கடைசில சாவிய ஆஃப் பண்ணினா மட்டும் நியூட்ரல் பூ மாதிரி விழும். ஹாஸ்டல்ல எல்லாரும் ஒரே குரல்ல சொன்னாங்க: "பழைய வண்டின்னா அப்படித்தான்டா. ஆஃப் பண்ணி நியூட்ரல் போடு."

இந்த அறிவுரையை நானும் ரெண்டு வாரம் கடைப்பிடிச்சேன். அப்புறம் ஒரு நாள், மதுரை காளவாசல் சிக்னல்ல, தங்கச்சி பின்னாடி உட்கார்ந்திருக்கா, அவளுக்கு பரீட்சை. முதல் கியர்ல கிளட்ச்சைப் பிடிச்சு நிக்கிறேன். முன்னாடி ஒரு பெரியவர் தள்ளுவண்டியில வாழைக்காய் தள்ளிக்கிட்டுப் போறார். பின் பிரேக்குல இருந்து கால எடுத்து ஒரு நொடி தரையில ஊனினேன், அவ்வளவுதான், வண்டி தானா முன்னாடி போய் அவர் காலை இடிச்சுது. பலமா இல்ல. ஆனா அவர் உட்கார்ந்துட்டார். அவர் திட்டினதுல ஒண்ணு கூட தப்பில்ல. 'பழைய வண்டின்னா அப்படித்தான்'ங்கிற பேச்சு அன்னிக்கோட எனக்கு முடிஞ்சு போச்சு. பிரேக் பிடிக்கலன்னா யாராவது 'பழைய வண்டி அப்படித்தான்'னு ஓட்டுவாங்களா? கிளட்ச் பிடிச்சா நிக்காத வண்டியும் அதே ரகம்தான்.

பட்டறைக்குப் போனேன். அண்ணன் பத்தடி ஓட்டிப் பார்த்தார். இறங்கினார். தீர்ப்பு வந்துடுச்சு, மேலே போட்டிருக்கேனே, அதே மூணு வார்த்தை.

பிளேட்டு மாத்தியாச்சு. பேக்கிங், ஆயில், கூலி எல்லாம் சேர்த்து 2,650. வண்டிய எடுத்தேன். அதே குதி. அதே நியூட்ரல் தவம். திரும்பப் போய்ச் சொன்னா, "புது பிளேட்டு, செட்டாகணும் தம்பி. ஐந்நூறு கிலோமீட்டர் ஓட்டுங்க." ஓட்டினேன். செட்டாகல. மறுபடி போனேன். இந்தத் தடவை கேபிள் நட்டை முடியுற வரைக்கும் திருகி விட்டார். நியூட்ரல் கொஞ்சம் பரவாயில்ல. ஆனா திருமங்கலம் ரோட்டுல நாலாவது கியர்ல முறுக்கினா இஞ்சின் கத்துது, வேகம் ஏறல. கருகின வாசனை வேற. புதுசாப் போட்ட பிளேட்டு கண்ணு முன்னாடி வேகுது. இப்ப என் வண்டிக்கு ரெண்டு நோயும் சேர்ந்தாப்பல!

சரி, விஷயத்துக்கு வருவோம். கிளட்ச் உள்ளே என்ன நடக்குதுன்னு தெரிஞ்சா இந்த 'பிளேட்டு போச்சு' ஏன் பொய்னு ரெண்டே நிமிஷத்துல புரிஞ்சிடும்.

நம்ம ஊர் கியர் வண்டி பெரும்பாலானதுல இருக்கிறது ஆயில்ல முங்கிக் கிடக்கிற கிளட்ச். சிங்கிள்ஸ் அடுக்கின மாதிரி ரெண்டு விதமான தட்டு மாத்தி மாத்தி இருக்கும். ஒண்ணு உராய்வுப் பொருள் ஒட்டின தட்டு, இதைத்தான் நாம பிளேட்டுன்னு சொல்றோம். இதோட காது வெளிப்பக்கக் கூடையில மாட்டியிருக்கும், பட்டறையில அவுட்டர்னு சொல்லுவாங்க. அந்தக் கூடைய சுத்துறது இஞ்சின். இன்னொண்ணு வெறும் ஸ்டீல் தட்டு. அதோட பல்லு உள்பக்க சென்டர்ல மாட்டியிருக்கும். சென்டர் கியர்பாக்ஸோட தண்டுல உட்கார்ந்திருக்கு. ஸ்பிரிங்குகள் இந்த அடுக்க அழுத்திப் பிடிக்கிற வரைக்கும் ரெண்டும் ஒட்டிக்கிட்டு ஒண்ணாச் சுத்தும். நாம லீவரைப் பிடிச்சா கேபிள் இழுத்து, உள்ளே ஒரு தள்ளுகோல் நகர்ந்து, ஸ்பிரிங்க எதிர்த்து அழுத்தத் தட்டைத் தூக்கும். அடுக்கு தளர்ந்து இஞ்சின் ஒரு பக்கம், கியர் ஒரு பக்கம்.

தூக்கம் சரியா இல்லாம அடுக்கு முழுசாப் பிரியலன்னா, அதுக்குப் பேர்தான் கிளட்ச் ட்ராக். இழுவைன்னு வெச்சுக்கங்க. பிடிக்க வேண்டிய நேரத்துல முழுசாப் பிடிக்காம வழுக்கினா ஸ்லிப். ஒண்ணு பிரிய மாட்டேங்குது, இன்னொண்ணு ஒட்ட மாட்டேங்குது. விவாகரத்து கேஸும் கல்யாண கேஸும் ஒரே வக்கீல்கிட்ட, ஒரே ஃபீஸுக்குப் போனா எப்படி?

இப்ப யோசிங்க. பிளேட்டு தேய்ஞ்சா என்ன ஆகும்? அடுக்கு மெலிசாகும், அழுத்தத் தட்டு உள்ளே இறங்கும், லீவர்ல இருக்கிற சும்மா ஆட்டம் (பட்டறையில 'பிளே'ம்பாங்க) குறையும். ஆட்டம் குறைஞ்சா, கவனிக்காம விட்டா, ஸ்பிரிங் முழு பலத்தோட அழுத்த முடியாது. வழுக்கும். அதாவது, தேய்ஞ்ச பிளேட்டு குடுக்கிறது ஸ்லிப். ஒட்டிக்கிட்டுப் பிரியாத நோயை அது தரவே தராது. நியூட்ரல் விழலன்னு போனவன்கிட்ட 'பிளேட்டு தேய்ஞ்சிடுச்சு'ன்னு சொல்றது, வயித்துப்போக்குன்னு போனவன்கிட்ட மலச்சிக்கல் மாத்திரை குடுக்கிற மாதிரி.

அப்ப பிரியாம இருக்கிறதுக்குக் காரணம் என்ன? இதுலதான் சுவாரஸ்யமே இருக்கு, ஏன்னா காசு குறைஞ்ச காரணம்தான் அதிகமா வர்ற காரணம்.

முதல் குற்றவாளி கேபிள். லீவர் நுனியில சும்மா ஆடுற தூரம் பல நூறு சிசி வண்டிகள்ல 10 முதல் 20 மில்லிமீட்டர். வண்டிக்கு வண்டி மாறும், சிலதுல லீவர் அடிப்பக்கம் ரெண்டு மூணு மில்லின்னு போட்டிருப்பாங்க, வண்டியோட கையேட்டுல இருக்கும், பாருங்க. இது கூடிப்போச்சுன்னா லீவரோட பயணத்துல பாதி வெத்து ஆட்டத்துலயே போயிடும், உள்ளே தூக்கறதுக்கு மிச்சம் கொஞ்சம்தான். என் வண்டியில ஸ்டேஷனரி கடை ஸ்கேலை வெச்சு அளந்தேன். 35! இதைப் பார்க்க இஞ்சினைப் பிரிக்க வேண்டாம், ஸ்பேனர் கூட வேண்டாம். பத்தடி ஓட்டிப் பார்த்த அண்ணன் பத்து நொடி இதைப் பார்க்கல.

சரி, நட்டைத் திருகி 15-க்குக் கொண்டு வந்தா தீர்ந்துடுமே? எனக்குத் தீரல. இங்கதான் பலர் தோத்துடறாங்க. கேபிள் உள்ளே இருக்கிறது ஒத்தைக் கம்பி இல்ல, மெல்லிய இழைகளோட முறுக்கு. இஞ்சின் பக்கம் ரப்பரைத் தூக்கிப் பார்த்தேன். குண்டு மாட்டுற இடத்துக்குப் பக்கத்துல பாதிக்கு மேல இழை அறுந்து முள்ளம்பன்றி மாதிரி நிக்குது. மிச்ச இழை ஸ்பிரிங்கோட பலத்தைத் தாங்காம நீளுது. அதாவது நாம இழுக்கிறதுல ஒரு பங்கை கேபிளே முழுங்கிடுது. இந்த மாதிரி கேபிளை வெச்சுக்கிட்டு ஆட்டம் சரியா வெச்சாலும் இழுவை இருக்கும், இழுவை போற வரைக்கும் இறுக்கினா ஸ்லிப் ஆரம்பிக்கும். நடுவுல சரியான இடமே கிடையாது. என் வண்டிக்கு ரெண்டு நோயும் ஒண்ணா வந்த ரகசியம் இதுதான். சாமி குத்தம் இல்ல, கேபிள் குத்தம்.

ரெண்டாவது ஆயில். பில்லை எடுத்துப் பார்த்தேன். கையேடு சொல்றது 10டபிள்யூ-30. ஊத்தினது 20டபிள்யூ-50. கேட்டா "பழைய வண்டிக்கு கெட்டி ஆயில்தான் தம்பி நல்லது"ன்னார். கெட்டி ஆயில் தட்டுகளுக்கு நடுவுல பசை மாதிரி நிக்கும், குளிர்ல இன்னும் மோசம். அளவும் குச்சியில மேல்கோட்டைத் தாண்டி நின்னுச்சு. இன்னொண்ணு, ஆயில் டப்பாவுல 'ஜாசோ எம்ஏ'ன்னு இருக்கான்னு பாருங்க. ஆயில்ல முங்குற கிளட்ச்சுக்கான முத்திரை அது. சல்லிசாக் கிடைக்குதுன்னு கார் ஆயில ஊத்தினா அதுல இருக்கிற வழுக்குச் சரக்கு கிளட்ச்சை ஸ்லிப் ஆக்கலாம்.

இதெல்லாம் சரியா இருந்தும் இழுத்தாத்தான் மூடியைப் பிரிக்கிற பேச்சே வரணும். அப்பவும் தேட வேண்டியது உராய்வுத் தட்டோட தேய்மானத்தை இல்ல, ஸ்டீல் தட்டோட வளைவை. டிராஃபிக்ல பாதி கிளட்ச்சுலயே ஊர்ந்து ஊர்ந்து ஓட்டினா அது சூடாகி நீலம் பாய்ஞ்சு வளைஞ்சிடும். தட்டையான கண்ணாடி மேல வெச்சு, ஃபீலர் கேஜ் விட்டுப் பார்க்கணும். பல சின்ன வண்டிகளுக்கு எல்லை 0.20 மில்லிமீட்டர். அடுத்து அந்தக் கூடையோட விரல்கள். பிளேட்டோட காது வருஷக்கணக்கா இடிச்சு இடிச்சு அதுல பள்ளம் விழுந்திருக்கும். பிளேட்டு நகரணும்னா அந்தப் பள்ளத்துல மாட்டிக்கும். லேசான பள்ளம்னா அரத்தால தேய்ச்சு விடலாம், ஆழமா இருந்தா அவுட்டரே மாத்தணும். கவனிங்க, இந்தக் கேஸ்ல புது பிளேட்டு போட்டாலும் பழைய பள்ளத்துல போய்த்தான் உட்காரும். மறுபடி இழுக்கும். மறுபடி 'செட்டாகணும் தம்பி'.

ரொம்ப நாள் நின்ன வண்டி தனி ரகம். 2020 ஊரடங்குல மாசக்கணக்கா நிறுத்தி வெச்ச வண்டிகள்ல தட்டு ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு காலைல பிரியாம அடம் பிடிச்சதை நிறைய பேர் பார்த்திருப்பீங்க. இஞ்சின் ஆஃப்ல ரெண்டாவது கியர் போட்டு, கிளட்ச்சைப் பிடிச்சு, வண்டிய முன்னும் பின்னும் ஆட்டினாலே பல நேரம் விட்டுடும். இதுக்கும் பிளேட்டு மாத்தின புண்ணியவான் எங்க தெருவுலயே ஒருத்தர் இருக்கார்.

எப்படிக் கண்டுபிடிக்கிறதுன்னு ரெண்டே சோதனை சொல்றேன், ரெண்டுக்கும் காசு கிடையாது. ஒண்ணு, இஞ்சின் ஆஃப்ல வண்டிய லேசா உருட்டிக்கிட்டே எல்லா கியரும் போட்டுப் பாருங்க, நியூட்ரலும் போடுங்க. ஆஃப்ல லேசா விழுந்து, ஓடும்போது மட்டும் விழலன்னா சந்தேகம் கிளட்ச் இழுவை மேல. ஏன்னா இழுவை இருந்தா கியர் பல்லு ஒண்ணையொண்ணு முட்டி அழுத்திக்கிட்டே இருக்கும், கழட்ட விடாது. இஞ்சின் நின்னா அந்த அழுத்தம் போயிடும். ஆஃப்லயும் விழலன்னா நோய் கியர் மாத்துற பாகத்துல, கிளட்ச்சைக் கொடைய வேண்டாம்.

ரெண்டாவது, இஞ்சின் நல்லா சூடானப்புறம் மெயின் ஸ்டாண்டுல போட்டு, ஒரு ஆளைப் பிடிச்சுக்கச் சொல்லி, கிளட்ச் பிடிச்சு முதல் கியர் போடுங்க. பின் சக்கரம் மெதுவாச் சுத்தும். இதைப் பார்த்துப் பதற வேண்டாம், ஆயில்ல முங்கின கிளட்ச்சுல கொஞ்சம் சுத்தத்தான் செய்யும். சக்கரத்துல கையக் கிய்ய விட்டுடாதீங்க. பின் பிரேக்கை மெல்ல அழுத்துங்க. சக்கரம் நின்னு, இஞ்சின் சத்தம் மாறாம ஓடினா கிளட்ச் நல்லாருக்கு. சக்கரத்தை நிறுத்தும்போது இஞ்சின் திணறினாலோ ஆஃப் ஆனாலோ இழுவை உறுதி. பிளேட்டு விக்கிறவங்க சில பேர் சக்கரம் சும்மா சுத்துறதையே காட்டி "பாருங்க தம்பி"ன்னு பயமுறுத்துவாங்க. பிரேக்கை அழுத்திக் காட்டச் சொல்லுங்க.

சரி, என் கேஸுக்கு வர்றேன். கேபிள் 190 ரூபாய். பாலிடெக்னிக்ல படிக்கிற ஒரு நண்பன் வந்தான், ரெண்டு பேரும் ஹாஸ்டல் வாசல்ல உட்கார்ந்து முக்கால் மணி நேரத்துல மாத்தினோம். ஆயிலையும் இறக்கிட்டு கையேடு சொன்னதை, சொன்ன அளவுக்கு ஊத்தினோம். காலைல முதல் கியர். 'டிக்'. வண்டி நிக்குது. நான் கிளட்ச்சைப் பிடிச்சிருக்கேன், அது நிக்குது! சிக்னல்ல நுனிக்கால்ல தொட்டா நியூட்ரல். திருமங்கலம் ரோட்டுல ஸ்லிப்பும் இல்ல.

பட்டறையில இருந்து பழைய பிளேட்டையும் சண்டை போட்டு வாங்கி வெச்சிருந்தேன். "அது எதுக்கு தம்பி, பழைய இரும்புக்குத்தானே"ன்னு அவர் சொன்னப்பவே எனக்கு மூக்கு வேர்த்துச்சு. நண்பன் காலேஜ் வெர்னியரைக் கொண்டாந்து அளந்தான். சர்வீஸ் புத்தகத்துல போட்டிருக்கிற எல்லைக்கு நல்லா மேலேயே இருக்கு தடிமன். ஸ்டீல் தட்டும் கண்ணாடி மேல அசையாம உட்கார்ந்துச்சு. நல்லா இருந்த பிளேட்டைக் கழட்டி, புது பிளேட்டைப் போட்டு, அதையும் கருக்கிக் குடுத்திருக்கார்.

இங்க 'மெக்கானிக் எல்லாம் திருடன்'னு எழுதி முடிச்சிருந்தா எனக்கும் சுகமா இருந்திருக்கும். பிளேட்டையும் அறுந்த கேபிளையும் ஒரு பையில போட்டு எடுத்துக்கிட்டு அவர்கிட்டயே போனேன். சத்தம் போடணும்னுதான் போனேன். அவர் கேபிளைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பேசல. அப்புறம் சொன்னார்: "கேபிளா இருக்கும்னு எனக்கும் தோணுச்சு தம்பி. கேபிளை மட்டும் மாத்தி, அரை மணி நேரம் செக் பண்ணி, முந்நூறு ரூபாய் கூலி குடுன்னா நீ குடுத்திருப்பியா?"

நான் பதில் சொல்லல. ஏன்னா குடுத்திருக்க மாட்டேன். 'ஒரு கேபிள் மாத்த முந்நூறா'ன்னு கேட்டிருப்பேன். ஆனா பிளேட்டு செட்டுன்னு பில்லுல போட்டு, அதுக்குள்ள கூலிய ஒளிச்சு 2,650 கேட்டப்ப மறு பேச்சு பேசாம குடுத்தேன். பொருளுக்குக் காசு குடுக்கிறோம், மூளைக்குக் குடுக்க மாட்டேங்கிறோம். அப்புறம் மூளைய உபயோகிக்கலன்னு கோவிச்சுக்கிறோம்.

எங்க பாடத்துல ஜார்ஜ் ஆகர்லாஃப்னு ஒருத்தர் வருவார். 1970-ல பழைய கார் சந்தையை வெச்சு ஒரு கட்டுரை எழுதினார். அந்த வழி ஆராய்ச்சிக்குத்தான் 2001-ல ஸ்பென்ஸ், ஸ்டிக்லிட்ஸோட சேர்த்து அவருக்கு நோபல் பரிசு. சங்கதி எளிமையானது: விக்கிறவனுக்கு வண்டியோட குறை தெரியும், வாங்குறவனுக்குத் தெரியாது. எது சொத்தைன்னு தெரியாததால வாங்குறவன் எல்லாத்துக்கும் நடுத்தரமா ஒரு விலைதான் குடுப்பான். அந்த விலைக்கு நல்ல வண்டிக்காரனுக்குக் கட்டுபடியாகாது, அவன் சந்தைய விட்டுப் போயிடுவான். கடைசில சந்தையில சொத்தை மட்டும் மிஞ்சும். பரீட்சைக்கு பத்து மார்க்குக்கு எழுதின விஷயம், பட்டறை வாசல்ல நின்னப்பதான் உறைச்சுது. மெக்கானிக் தொழிலும் இதேதான். அளந்து பார்த்து, சோதிச்சு, 'பிளேட்டு நல்லாருக்கு, மாத்தாதே'ன்னு சொல்லி, அதுக்கு ஒரு கூலி கேக்கிற ஆளை நாம அராஜகக்காரன்னு சொல்றோம். 'செக்கப் ஃப்ரீ'ன்னு போர்டு வெச்சவன் கடையில கூட்டம். ஃப்ரீயா செக் பண்றவன் எதுல சம்பாதிப்பான்? மாத்துற சாமான்லதான். நல்ல ஆளை நாமதான் துரத்துறோம்.

இதனால அந்த அண்ணனுக்கு மன்னிப்புன்னு அர்த்தம் இல்ல. கூலி வேணும்னா கேக்கணும், பொய் நோய் சொல்லக் கூடாது. 'செட்டாகணும்'னு அந்த இழுவை வண்டியில என்னை ஐந்நூறு கிலோமீட்டர் அனுப்பினது கூலிப் பிரச்சினை இல்ல. வாழைக்காய்ப் பெரியவரை நான் இடிச்சது பட்டறைக்குப் போறதுக்கு முன்னாடி. பட்டறைக்குப் போயிட்டு வந்து இடிச்சிருந்தா அது யார் கணக்கு?

வித்த ஸ்டாண்டுக்காரரைப் பத்தியும் சொல்லணும். "சட்டப்படி கேக்கலாமே"ன்னு வகுப்புல ஒருத்தன் கேட்டான். 1930-ம் வருஷ சரக்கு விற்பனைச் சட்டம், 16-வது பிரிவு. வாங்குறவனே விழிச்சுக்கங்கிறதுதான் அடிப்படை. வியாபாரிகிட்ட விவரம் சொல்லி வாங்கின சரக்கு விக்கத் தகுந்த தரத்துல இருக்கணும்னு ஒரு விலக்கு உண்டு, ஆனா அதுக்கும் ஒரு வாலு: வாங்குறவன் சரக்கைச் சோதிச்சுப் பார்த்திருந்தா, அந்தச் சோதனையில தெரிஞ்சிருக்க வேண்டிய குறைக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது. நான் ஓட்டிப் பார்த்தேன். 35 மில்லி ஆட்டம் என் கையிலயே இருந்துச்சு. எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுக் கேக்கிறது? பட்டறை விஷயம் வேற, அது சேவை. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துல சேவைக் குறைபாடுன்னு புகார் பண்ண வழி இருக்கு. ஆனா அதுக்கு பில்லு வேணும், பழைய சாமான் கையில இருக்கணும். ரெண்டையும் கேட்டு வாங்குற பழக்கம் நம்மள்ல எத்தனை பேருக்கு இருக்கு? கேட்டா பட்டறைக்காரர் மூஞ்சி சுருங்கும்னு நாம கூச்சப்படுறோம். சுருங்கட்டுமே.

நான் புகார் பண்ணல. அவர் கருகின பிளேட்டுக்குப் பதில் வேற செட்டு தர்றேன்னார், கூலி இல்லாம. இப்ப ஸ்லிப் இல்லாததால வேண்டாம்னு சொல்லிட்டு, ஆயிலுக்கான காசை மட்டும் திரும்ப வாங்கிட்டு வந்தேன். அடுத்த தடவை அவர்கிட்டதான் போவேன், ஸ்கேலோட.

போன வாரம் ஜூனியர் பையன் ஒருத்தன் ஓடி வந்தான். "அண்ணே, நியூட்ரல் விழவே மாட்டேங்குது. முக்குக் கடையில பிளேட்டு போச்சுன்னுட்டாங்க, மூவாயிரம் ஆகுமாம்." வண்டி ஆறியிருந்துச்சு. லீவர் நுனியில ஸ்கேலை வெச்சேன். முப்பது. கீழே ரப்பரைத் தூக்கினா, அங்கயும் ஒரு முள்ளம்பன்றி. அவனைப் பின்னாடி ஏத்திக்கிட்டு கேபிள் வாங்கக் கிளம்பினேன். மாத்தி முடிச்சப்புறம் செக் பண்ணின கூலி நூறு ரூபாய் கேட்டேன். "என்னண்ணே, நமக்குள்ள..."ன்னு இழுத்தான்.

வாங்கிட்டுத்தான் விட்டேன்.